தத்தி ஏறினவன் தொடையில் ஒரு கம்பி

முட்டி தேய்ந்துபோச்சு, மேடு ஏறினா மூச்சு வாங்குது, ஆனாலும் சைக்கிளை விட மனசு வரலை என்று பேட்டரி சைக்கிள் பக்கம் கண் வைத்திருக்கும் என் வயசுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். நல்ல வண்டி. என் தொடை எலும்பை உடைத்தது வண்டி இல்லை, என் உடம்பில் ஊறிப்போன ஒரு பழக்கம். வண்டி அதற்கு உடந்தை, அவ்வளவுதான். இப்போது எழுந்து நடமாடுகிறேன் என்பதால் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. கத்தினேன். செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை மேலே இருக்கிற குரங்குகள் எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும்.

நான் மின்சார ஆபீசில் ரீடிங் எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொண்டூர், அனந்தபுரம் என்று செஞ்சியைச் சுற்றி எந்த ஊரில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு விட்டுவிடும் என்பதெல்லாம் சைக்கிளில் போய்த் தெரிந்துகொண்டவன். ஆயுசு முழுக்கக் கரண்டை அளந்தேன். கடைசியில் கரண்டு என்னைத் தூக்கி அளந்து பார்த்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகும் தொண்டூர்ப் பக்கம் இருக்கிற கொஞ்சம் நிலத்துக்கு சைக்கிளில்தான் போய் வந்தேன். ஒருநாள் மேட்டில் நடு வழியில் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரோ பார்த்து என் மகள் கலைவாணிக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். உடனே வந்தாள்.

"மேட்டுல மூச்சு வாங்கி நின்னுகினு இருந்தியாமே நைனா?"

"காத்து வாங்கினு இருந்தேன்."

"எனக்குத் தெரியும் இன்னா வாங்கினன்னு. ஒண்ணு சைக்கிள விடு. இல்ல, நான் வாங்கித் தர்றத ஓட்டு."

அடுத்த தடவை வந்தபோது அவளோடு பேட்டரி சைக்கிளும் வந்தது. கறுப்பு நிறம். மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். மிதிக்கவே முடியாவிட்டால் வலது கைப்பிடியைத் திருகினால் தானே ஓடும். பழைய சைக்கிளை ஒரு கையால் தூக்கித் திருப்பிய எனக்கு இதன் கனம் தூக்கிவாரிப் போட்டது. வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கீழே சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால், அது உங்கள் மேல் விழுந்தாலும் தூக்க முடியாது.

வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்றாள் என் மனைவி அம்சா. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம். வண்டி முன்னே ஏறி அதை நசுக்க வேண்டும், அதுதான் சம்பிரதாயம். தெருவே வந்து நின்றது. அம்சாவின் தம்பி ஏழுமலை, குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

இங்கேதான் பழக்கம் உள்ளே வருகிறது. எங்கள் தலைமுறை ஆண்கள் சைக்கிளில் உட்கார்ந்து கிளம்ப மாட்டோம். இடது காலை இடது பெடலில் வைப்போம். வலது காலால் தரையை உந்தித் தத்தித் தத்தி ஓடுவோம். வண்டி வேகம் பிடித்ததும் வலது காலைப் பின்னால் வீசி, கேரியருக்கு மேலாகச் சுழற்றி சீட்டில் உட்காருவோம். நின்ற வண்டியில் ஏறுவதெல்லாம் பெண்டு பிள்ளைகளுக்கு என்ற திமிர். அம்பது வருஷத் திமிர். மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "மொதல்ல சீட்ல ஒக்காரு. அப்புறம் சுட்ச போடு." தெரு பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எப்படி ஞாபகம் வரும்? சுவிட்ச் எரிந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். இடது காலைப் பெடலில் வைத்து அமுக்கினேன்.

பெடல் சுற்றுகிறதா என்று பார்க்க அந்த வண்டிக்குள்ளே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சுற்றினால், 'ஐயா சீட்டில் உட்கார்ந்துவிட்டார், பாவம், கால் வலிக்கும், தள்ளிவிடுவோம்' என்று மோட்டார் நினைத்துக்கொள்ளும். ஐயா சீட்டில் இல்லை, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தொங்குகிறார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? உதறிக்கொண்டு பாய்ந்தது. எலுமிச்சம்பழம் பிதுங்கிச் சாறு என் முகத்தில் அடித்தது. பயத்தில் கைப்பிடியை இறுக்கினேன். இறுக்கின கைப்பிடிதான் ஆக்சிலேட்டர். அதன் பிறகு நான் வண்டி ஓட்டவில்லை. வண்டி என்னை இழுத்துக்கொண்டு போனது. வலது கால் தரையில் அடித்து அடித்து இழுபட, செருப்பு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம் போக, எதிரே நின்ற அவிச்ச மல்லாட்டை வண்டியில் மோதினேன். அண்டா கவிழ்ந்து வெதுவெதுப்பான தண்ணீரும் வேர்க்கடலையுமாக என் மேல் கொட்டியது. வலது இடுப்பு சிமெண்டுத் தரையில் அறைந்தது. அதற்கு மேலே சைக்கிள் வந்து விழுந்தது.

மடக் என்று ஒரு சத்தம். சூறைத்தேங்காய் உடைத்தார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்களாம். ரெண்டு பையன்கள் பொறுக்குவதற்கு ஓடிவந்தார்கள்.

"கெயவனுக்குப் பேட்டரி வண்டி கேக்குதா?" என்றாள் மல்லாட்டைக்கார அம்மா. வீடியோவில் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

இத்தோடு விட்டிருந்தால் உடைந்த எலும்பு உடைந்த இடத்திலேயே இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தன் விழுந்தால், விழாத அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். என் வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடது காலைவிட அது குட்டையாகத் தெரிந்தது. அதைப் பார்த்து ஏழுமலை போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"சுளுக்குதான் மாமா. ஒரு இழுப்பு இழுத்தா நேராயிடும்."

"மச்சான், தொடாத."

"ஒண்ணும் ஆவாது. டேய், அக்குளப் புடிங்கடா."

ரெண்டு பேர் அக்குளைப் பிடித்தார்கள். ஏழுமலை என் வலது குதிகாலைப் பிடித்து, கிணற்றில் விழுந்த வாளியை இழுக்கிற மாதிரி இழுத்தான். உள்ளே எலும்பு எலும்போடு உரசியதை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். கண் இருட்டியது. என் இடது கால் யாரையும் கேட்காமல் கிளம்பி அவன் வாயில் உதைத்தது. அவன் பின்னால் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். கையில் ரத்தமும் ஒரு பல்லும். அம்சா ஓடிவந்து, பல் போனவன் என்றும் பார்க்காமல், தன் தம்பியை அறைந்தாள். பூஜை அத்தோடு முடிந்தது.

பின்னால் டாக்டரம்மா சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். வயசானவர் விழுந்து, கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பிக் கிடந்தால் அது சுளுக்கு இல்லை. இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு முறிந்திருக்கிறது. இழுக்காதீர்கள், உருவாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். கிடக்கிறபடியே கிடக்க விட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மச்சான் இருந்தால் அவரை வேறு தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி வாக்கியம் என்னுடையது.

செஞ்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததும் பாண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். திண்டிவனம் ரோட்டில் இருக்கிற வேகத்தடைகளை எல்லாம் நான் என் இடுப்பு எலும்பால் படித்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ உள்ளே கோடாலியால் கொத்தினார்கள். ஆம்புலன்சில் எதிரே ஏழுமலை துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே மாதிரி ஊசி. அவன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பாண்டி ஆஸ்பத்திரியில் ஒரு இளவயசு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கில் செருகிக் காட்டினார்கள். தொடை எலும்பின் மேல் நுனி ஒரு பந்து மாதிரி. இடுப்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். பந்துக்குக் கீழே ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு முண்டு. எனக்கு அந்த முண்டில்தான் முறிவு. ஒரு துண்டு விலகி மேலே ஏறிப்போயிருந்தது.

"விழுந்தப்பவே இவ்ளோ விலகாதே. யாராவது இழுத்தாங்களா?"

ஏழுமலை சுவரைப் பார்த்தான்.

"இல்லீங்க, வண்டி மேல விழுந்துச்சு இல்ல, அதான்" என்றேன். ஏன் அவனைக் காப்பாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை, வாயில் ரத்தத்தோடு நிற்கிறவனைக் காட்டிக் கொடுப்பது அசிங்கமாக இருந்திருக்கலாம்.

ஆபரேஷன் செய்யாமல் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் என்ன என்று அம்சா கேட்டாள். டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார்கள். இந்த வயசில் மாசக்கணக்கில் படுத்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறைந்து அது நெஞ்சுக்கு ஏறும். முறிவில் சாகிறவர்கள் குறைவு, படுக்கையில் சாகிறவர்கள் அதிகம். அதனால் எலும்புக்குள்ளே கம்பி அடித்து, சீக்கிரம் நிற்க வைக்க வேண்டும். "நின்னுட்டாருன்னா பொழச்சுக்குவாரு" என்றார்கள்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இந்தக் கால் என்னைத் தாங்குமா? இருதயத்தைப் படம் பிடித்தபோதும், சர்க்கரை பார்த்தபோதும், ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் கை முழுக்கக் குத்தியபோதும் அதேதான். பிரஷர் கூடுதலாக இருந்ததால் ஆபரேஷன் தள்ளிப் போனது. அதுவரை காலில் பட்டை சுற்றி, கட்டில் கோடியில் ஒரு கப்பி வைத்து, கயிற்றில் எடை தொங்கவிட்டார்கள். எலும்பு முறிந்ததும் தொடைத் தசை பயந்து சுருங்குமாம். சுருங்கும்போது முறிந்த முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் குத்தும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கயிறு. தும்மினால் உயிர் போனது. சிரித்தால் அதைவிட மோசம். அதனால் பார்க்க வந்தவர்களிடம் ஜோக் அடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கே அது பெரிய தண்டனை.

சேதி கேட்டுச் சென்னையிலிருந்து ஓடிவந்த கலைவாணி, முதல் நாள் முழுக்க மாத்திரை, ஜூஸ், இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று ஓடிக்கொண்டிருந்தாள். பில் எவ்வளவு என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். மாற்றுத்துணி எடுத்துவர செஞ்சிக்குப் போனவள் ராத்திரி வரை வரவில்லை. கூடப் போன ஏழுமலைதான் திரும்பி வந்து குசுகுசுவென்று சொன்னான்.

"மாமா, ஒம்பொண்ணு வூட்டுக்குப் போனதும் கடப்பாறைய எடுத்துட்டா."

"எதுக்குடா?"

"வண்டிய பொளக்கறதுக்கு. லைட்டு போச்சு. மட்கார்டு நசுங்கிடுச்சு. பேட்டரி மேல ஓங்கறதுக்குள்ள ஓடிப்போய்ப் புடிச்சேன். எனக்கும் ஒண்ணு வுழுந்துச்சு, தோளுல."

வண்டி மேல் கோபம் வந்தால் லைட்டை உடையுங்கள், மட்கார்டை உடையுங்கள். பேட்டரியைக் குத்தாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது, வீடு போய்விடும். இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கண் வீங்கியிருந்தது.

"நான் வாங்கித் தரலன்னா நீ நடந்துகினு இருப்ப நைனா."

"நீ ஒக்காந்து ஏறுன்னு சொன்ன. நான் தத்தி ஏறினேன். வண்டி இன்னாம்மா பண்ணும்?"

"ஒனக்கு எதாச்சும் ஆயிடுச்சுன்னா, நான்தான் கொன்னேன்னு ஆவும்."

அவள் கையை எடுத்து எடை தொங்குகிற காலின் மேல் வைத்தேன். அது மரக்கட்டை மாதிரி குளிர்ந்து கிடந்தது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆபரேஷன் அன்றைக்கு முதுகுத் தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போகும், ஆனால் முழித்துக்கொண்டிருப்பீர்கள் என்றார் மயக்க டாக்டர். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டிவிட்டார்கள். துணிக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குத் தெரியவில்லை, ஆனால் கேட்டது. முதலில் கருகின நாற்றம். தோலையும் சதையையும் அறுத்த இடத்தில் ரத்தம் நிற்பதற்காகச் சுடுகிறார்களாம். அடுத்தது துளை போடும் மிஷின். என் தொடை எலும்பைக் கம்பி போகிற அளவுக்குக் குடைந்தார்கள். பக்கத்து வீட்டில் போர்வெல் போடும்போது நம் வீட்டுச் சுவர் அதிருமே, அப்படி என் தாடை அதிர்ந்தது. அடுத்ததுதான் சுத்தியல். டங், டங் என்று ஒவ்வொரு அடிக்கும் என் தலை கட்டிலில் மேலே மேலே நகர்ந்தது. வலி சுத்தமாக இல்லை. வலி இல்லாமல் தன்னை யாரோ அடித்து நொறுக்குவதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல் கிட்டியது.

"ஐயா, பயப்படறீங்களா?" என்றார் மயக்க டாக்டர்.

"இல்ல சார். யாரு வூட்ல கதவு வெக்கிறாங்கன்னு பாத்தேன்."

துணிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சிரிக்க வெக்காதீங்க, கையில ஸ்குரூ இருக்கு" என்றது டாக்டரம்மாவின் குரல். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மரப்பு இறங்கினதும் வலி திரும்பி வந்தது, வட்டியோடு. தொடைக்குள் பழுக்கக் காய்ச்சின கம்பியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். கம்பி வைத்ததென்னவோ உண்மைதானே. வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி புத்தி பேதலிக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். எனக்கும் பேதலித்தது. தலைமாட்டில் இருந்த மானிட்டரில் ஓடின நம்பரைப் பார்த்து ரீடிங் சொன்னேனாம். நர்சம்மாவைக் கூப்பிட்டு, "போன மாசத்தவிட ஏறியிருக்குது. பில்லு கட்டலன்னா பியூஸ் புடுங்கிடுவேன்" என்று சொல்லி, கையில் குத்தியிருந்த டியூபை நானே பிடுங்கிவிட்டேனாம். சுவரெல்லாம் ரத்தம் தெறித்ததாம். ஏழுமலை என் மேல் படுத்து அமுக்கிப் பிடித்ததால்தான் கால் தப்பித்தது. விடிந்ததும் அவன் கழுத்தில் நகக்கீறல். நான்தான்.

"மாமா, இழுத்ததுக்கு அப்பவே பல்ல எடுத்துட்ட. இது எதுக்கு?"

"எதையும் இழுக்கக்கூடாதுன்னு ஒனக்கும் ஞாபகம் இருக்கணும் இல்ல?"

அவன்தான் எனக்குப் பெட்பேன் வைத்தான். முகம் சுளிக்கவில்லை. அம்சாவை வைக்க விடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் குட்டியானையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்த ஒருநாள் அவனே வாய் திறந்தான்: "நான்தான் மேடம் இழுத்தேன்." அவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

அப்புறம் நிற்க வைக்கிற படலம். பயிற்சி கொடுக்கிற பெண் வாக்கரைக் கொண்டுவந்து வைத்து, "வலது கால்ல பாரம் போடுங்க. கம்பி தாங்கும்" என்றாள். எழுந்தேன். இடது காலில் நின்றேன். வலது கால் தரையைத் தொட்டதும் உள்ளே மடக் என்று கேட்டது. உண்மையில் கேட்கவில்லை. என் காதில் மட்டும் கேட்டது. வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்துக் கட்டிலில் விழுந்தேன். மறுநாளும் அதே. வீட்டுக்கு வந்த பிறகும் அதே. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு அம்சா குத்துவாள். அதைத் தாங்கினேன். வலது காலை ஊன்றுவதைத் தாங்க முடியவில்லை. வாக்கரில் சாய்ந்து இடது காலாலேயே தத்தித் தத்தி வீடெல்லாம் சுற்றினேன்.

சில மாசம் கழித்து மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. பிறகு வேட்டியை விலக்கித் தொடையைப் பார்த்தார்கள். முருங்கைக்காய் மாதிரி சூம்பிக் கிடந்தது.

"இதுல பாரமே போடலயா நீங்க?"

"போட்டா ஒடஞ்சிடும்னு தோணுது."

"போடலன்னா இனிமே நடக்கவே மாட்டீங்க. கம்பி தயார், எலும்பு தயார். இதுக்கு மேல என்னால ஆபரேஷன் பண்ண முடியாது." கலைவாணி பக்கம் திரும்பி, "காலை அசைக்கிற மாதிரி இவருக்குப் புடிச்சது எதாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

"சைக்கிள்" என்றாள் கலைவாணி, கெட்ட வார்த்தை சொல்வது போல.

சமதரையில், ஆள் துணையோடு, மெதுவாக என்றால் ஓட்டலாம் என்றார்கள். கடப்பாறையால் உடைத்தவளே வண்டியைச் சரி பண்ண எடுத்துக்கொண்டு போனாள். கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற வசதியை மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றிவிட்டாள். சீட்டைக் கடைசி வரை இறக்கினாள், உட்கார்ந்தபடியே ரெண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிற அளவுக்கு. என் வயசுக்காரர்கள் இதைக் கவனியுங்கள்: குள்ளமான சீட்டு முட்டிக்கு நல்லதில்லை என்பார்கள், உண்மைதான். பழகிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முதலில் கால் தரையில் பட வேண்டும். வண்டி வாங்கும்போதே நடுவில் குறுக்குக் கம்பி இல்லாததாகப் பாருங்கள். வேட்டி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூல் கிரவுண்டு காலியாக இருந்தது. எனக்கு ஹெல்மெட்டும் பேண்டும். ஏழுமலை வீடியோ எடுக்கவில்லை. அம்சா, "வுழுந்தா இந்தத் தடவ நானே இழுப்பேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு நைனா. மொதல்ல இன்னா?"

"ஒக்காரணும்."

"அப்புறம்?"

"பிரேக்கப் புடிச்சுக்கணும். பிரேக் புடிச்சிருந்தா மோட்டார் ஓடாது. அப்புறம் சுட்ச்சு. கம்மியான ஸ்பீடு."

"அப்புறம்?"

"சாமி கும்புடணும்."

அவள் சிரிக்கவில்லை. இடது காலால் தள்ளி, பெடலை மிதித்தேன். மோட்டார் முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. வலது கால் பெடலோடு தானே மேலே போய்க் கீழே வந்தது. பாரம் இல்லை, வலி இல்லை. காற்று முகத்தில் பட்டது. ஒரு சுற்று, ரெண்டு சுற்று. மூச்சு வாங்கவே இல்லை. அம்சா எழுந்து நின்றுவிட்டாள். நான் பெரிய ஆள் மாதிரி மணி அடித்தேன்.

மூன்றாவது சுற்றில்தான் ஒரு விஷயம் உறைத்தது. எப்படி ஏறுவது என்று பாடம் நடந்தது. எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த இறக்கம், ஓடுகிற வண்டியில் வலது காலைப் பின்னால் வீசிக் குதிக்கிறது. அந்தக் கால் இப்போது அவ்வளவு உயரம் வராது. வந்தாலும் அதைத் தரையில் ஊன்ற எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நான்காவது சுற்றும் போனேன்.

"போதும் நைனா, நிறுத்து."

"எப்பிடி?"

ஏழுமலை கூடவே ஓடிவந்தான். தொப்பை குலுங்கியது. "பிரேக் புடி மாமா."

"புடிச்சா சாஞ்சிடுவேன்டா."

"இடது கால ஊனு நைனா. இடது," என்று கத்தினாள் கலைவாணி.

"மாமா, என்னால ஓட முடியல. சார்ஜு எப்ப தீரும்?"

"சாயங்காலம் ஆவும்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அடுத்த திருப்பத்தில் கோல் கம்பம் நேராக வந்தது. ரெண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்து நசுக்கினேன். அப்படிப் பிடிக்கக்கூடாது. பின் பிரேக்கை முதலில், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். அந்த வண்டி பிரேக் நாய் மாதிரி கவ்வும். கவ்வியது. சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. வண்டியின் மொத்தக் கனமும் வலது பக்கமாகச் சாய்ந்தது. இடது கால் காற்றில் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. காக்கா கத்தியது. என் மூச்சு எனக்கே கேட்டது. தொடை வெடவெடவென்று ஆடியது, அவ்வளவுதான். யாரோ ஓடிவருகிற காலடி கேட்டது. அது பக்கத்தில் வந்து, தொடாமல் நின்றது.

"நைனா" என்றாள் கலைவாணி. "கண்ணத் தொறந்து கீய பாரு. எந்தக் கால்ல நின்னுகினு இருக்க?"